மூன்று நாள் கண்காட்சியின் காகிதங்கள்



நான் சிறுவனாக இருந்த எண்பதுகளில், பட்டணத்துத் திரையரங்குக்குப் புதுப் படம் வந்துவிட்டால், ஒலிபெருக்கி கட்டிய வேன் ஒன்று எங்கள் தோட்டத்துச் செம்மண் சாலையில் புழுதி கிளப்பிக்கொண்டு வரும். அதன் சன்னல் வழியே மஞ்சளும் இளஞ்சிவப்புமாக நோட்டீசுகள் பறக்கும். லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் பின்னால் ஓடிப் பொறுக்குவோம். பொறுக்கியதில் பாதியைக் கப்பல் செய்து வாய்க்காலில் விடுவோம். மீதியில் பாட்டிமார் வெற்றிலை பாக்கு மடித்துக்கொள்வார்கள். அந்த நோட்டீசுகளில் ஒன்றாவது எவரிடமாவது இருக்கிறதா என்று அண்மையில் விசாரித்துப் பார்த்தேன். இல்லை. படங்கள் இருக்கின்றன. எந்தப் படம் எங்கள் ஊருக்கு எப்போது வந்தது, என்ன சொல்லி எங்களை அழைத்தார்கள் என்பதற்குத்தான் சான்று இல்லை.

இன்று நான் பேச வந்தது அத்தகைய காகிதங்களைப் பற்றியே. ஆனால் அவை நம் நாட்டுக் காகிதங்கள் அல்ல. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வீடியோ விளையாட்டு நிறுவனங்கள் வணிகக் கண்காட்சிகளில் அள்ளிக் கொடுத்த விளம்பரத் தாள்கள், கையேடுகள், ஒளிநாடாக்கள். அவற்றைத் தேடிச் சேர்த்துப் பட்டியலிட்டுக் காப்பதையே வேலையாகக் கொண்டவர்கள் இப்போது இருக்கிறார்கள். இதைச் சொன்னபோது, "விளையாட்டே பொழுதுபோக்கு, அதன் நோட்டீசுக்கு ஒரு காப்பகமா, சார்?" என்று ஆசிரியர் அறையில் நண்பர் ஒருவர் சிரித்தார். அவருக்குச் சொன்ன பதிலைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

வணிகக் கண்காட்சி என்பது நம் ஊர்த் திருவிழாக் கடைத்தெரு போன்றதன்று. அங்கே பெரும்பாலும் பொதுமக்களுக்கு இடமில்லை. பொருளைச் செய்கிறவர், அதைக் கடையில் வைத்து விற்கிறவர், அதைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிறவர் ஆகிய மூவரும் கூடுமிடம் அது. இன்னும் சில மாதம் கழித்து வரவிருக்கும் பொருளை இன்றே காட்டி, "எத்தனை பெட்டி எடுத்துக்கொள்கிறீர்கள்?" என்று கடைக்காரரைக் கேட்பதே அதன் நோக்கம். நுகர்வோர் மின்னணுப் பொருள்களுக்கான அமெரிக்கக் கண்காட்சி 1967-இல் நியூயார்க்கில் தொடங்கியது. எழுபதுகளின் இறுதியிலிருந்து தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை ஆண்டுக்கு இருமுறை, குளிர்காலத்தில் லாஸ் வேகாசிலும் கோடையில் சிக்காகோவிலும் அது நடந்தது. வானொலிப் பெட்டி, தொலைக்காட்சி, ஒலிநாடாக் கருவி ஆகியவற்றுக்கு நடுவே வீடியோ விளையாட்டுக்கும் ஒரு பகுதி ஒதுக்கினார்கள். அந்தப் பகுதி பெருத்துக்கொண்டே போய், 1995 மே மாதம் லாஸ் ஏஞ்சலீசில் தனிக் கண்காட்சியாகப் பிரிந்தது. ஆங்கிலப் பெயரின் மூன்று சொற்களும் 'இ' என்ற எழுத்தில் தொடங்குவதால் அதை 'இ-3' என்றே எல்லாரும் அழைத்தார்கள்.

மூன்று நாள் அங்கே சுற்றி வந்தவரின் பை கனத்துப் போகும். பளபளப்பான தாளில் அச்சிட்ட விற்பனை அறிக்கை இருக்கும். அதன் பின்புறத்தில் சரக்கு எந்த மாதம் கடைக்கு வரும், ஒரு பெட்டியில் எத்தனை இருக்கும், விளம்பரத்துக்கு என்ன ஏற்பாடு என்ற விவரம். பத்திரிகையாளருக்குத் தனி உறை: அதில் செய்திக் குறிப்பு, அச்சிடுவதற்கான சிலைடுப் படங்கள், பின்னாளில் குறுந்தட்டு. தொலைக்காட்சி நிலையத்தாருக்கு ஒளிநாடா. கூடவே சட்டையில் குத்திக்கொள்ளும் சின்னம், தொப்பி, சாவிக்கொத்து. மறுநாள் விமானம் ஏற வேண்டியவர் இதையெல்லாம் வீடு வரை சுமப்பாரா? சுமந்தவர் குறைவு. கொடுத்த நிறுவனத்துக்கோ, பொருள் கடைக்கு வந்த பிறகு பழைய அறிவிப்பால் பயனில்லை. நம் சினிமா நோட்டீசின் கதைதான்.

அப்படியானால் அதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

1983-இல் நிண்டெண்டோ நிறுவனம் ஜப்பானில் 'ஃபேமிகாம்' என்ற விளையாட்டுப் பெட்டியை வெளியிட்டது. தொண்ணூறுகளில் நம் நாட்டுப் பிள்ளைகள் ஏங்கிக் கிடந்த 'மைக்ரோ ஜீனியஸ்' என்ற தைவான் பெட்டி இதைப் பார்த்துச் செய்ததுதான். நானும் பெரியம்மா வீட்டில் முறை வைத்து விளையாடியவன். ஜப்பானில் அது பிறந்த அதே ஆண்டில் அமெரிக்காவில் வீடியோ விளையாட்டு வணிகம் குப்புற விழுந்தது. அட்டாரி நிறுவனம் விற்காத சரக்கை லாரி லாரியாக நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ நகரக் குப்பைமேட்டில் கொட்டிப் புதைத்தது. 2014-இல் அவ்விடத்தைத் தோண்டியபோது ஏறத்தாழ 1,300 கார்ட்ரிட்ஜுகள் மண்ணிலிருந்து வந்தன.

இந்த நிலையில் 1985 ஜனவரியில் நிண்டெண்டோ லாஸ் வேகாஸ் கண்காட்சிக்குத் தன் பெட்டியைக் கொண்டு சென்றது. அதன் பெயர் 'அட்வான்ஸ்ட் வீடியோ சிஸ்டம்'. கம்பி இல்லாமல் அகச்சிவப்புக் கதிரால் இயங்கும் கைப்பிடிகள், தட்டச்சுப் பலகை, இசைப் பலகை, பதிவு செய்யும் ஒலிநாடாக் கருவி, ஒளித் துப்பாக்கி என்று ஒரு வீட்டுக் கணினியைப் போல அதை அலங்கரித்து வைத்திருந்தார்கள். கடைக்காரர்கள் பார்த்தார்கள், சரக்கு எடுக்க முன்வரவில்லை. அந்தப் பெட்டி எந்தக் கடைக்கும் வரவே இல்லை. அதே ஆண்டு ஜூன் மாதம் சிக்காகோ கண்காட்சியில் நிண்டெண்டோ வேறு முகத்தோடு நின்றது. தட்டச்சுப் பலகை போயிற்று, இசைப் பலகை போயிற்று, கைப்பிடிகளுக்குக் கம்பி வந்துவிட்டது. வீடியோ நாடாக் கருவியைப் போன்ற சாம்பல் நிறப் பெட்டியும், பக்கத்தில் ஒரு பொம்மை இயந்திர மனிதனும். அக்டோபரில் நியூயார்க்கில் விற்பனைக்கு வந்தது இதுதான். பின்னர் உலகெங்கும் அறியப்பட்டதும் இதுதான்.

விற்ற பொருளை மட்டும் சேர்த்து வைத்திருந்தால், நிண்டெண்டோ அமெரிக்காவுக்குள் பொம்மையாகவே நுழைந்தது என்று எழுதி முடித்திருப்போம். முதலில் அது கணினி வேடத்தில் வந்தது, கடைக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்ட ஆறே மாதத்தில் வேடத்தை மாற்றியது என்பதை, ஜனவரித் தாளையும் ஜூன் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தொழில்நுட்பம் அறியாதவரும் கண்டுகொள்வார். வெற்றி பெற்ற பொருளுக்கு ஆயிரம் சாட்சி உண்டு. கடைக்கே வராமல் போனதற்குச் சாட்சி இந்தக் காகிதங்களும் தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டு மாதிரிப் பெட்டிகளுமே.

இன்னொன்று தேதி பற்றியது. சேகா நிறுவனம் தன் 'சாட்டர்ன்' பெட்டி 1995 செப்டம்பர் 2-ஆம் நாள் அமெரிக்காவில் விற்பனைக்கு வரும் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தது. மே மாதம் முதல் இ-3 கண்காட்சி மேடையில் ஏறிய அதன் தலைவர், பெட்டி இப்போதே சில கடைகளுக்குப் போய்விட்டது, விலை 399 டாலர் என்று சொல்லி எல்லாரையும் திகைக்க வைத்தார். அன்றே சோனி நிறுவனத்தின் அதிகாரி மேடையேறித் தம் 'பிளேஸ்டேஷன்' பெட்டியின் விலை 299 என்ற எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். சரக்குக் கிடைக்காத கடைக்காரர்களுக்கு சேகா மேல் கோபம். செப்டம்பரை நம்பி விளையாட்டு தயாரித்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சங்கடம். பின்னாளில் எழுதப்பட்ட வரலாறுகளில் இது இரண்டு வரி. செப்டம்பர் என்று அச்சிட்ட ஒரு விற்பனைத் தாளைக் கையில் எடுத்துப் பாருங்கள்: அந்த மே மாதத்தில் எத்தனை பேருடைய ஏற்பாடு ஒரே நாளில் பொய்த்தது என்பது புரியும்.

ஆனால் நேயர்களே, விளம்பரம் விளம்பரம்தான். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டால் ஏமாந்து போவோம். 2005-ஆம் ஆண்டு இ-3 கண்காட்சியில் 'கில்சோன்' என்ற போர் விளையாட்டின் அடுத்த பாகத்துக்கு ஒரு முன்னோட்டப் படம் காட்டினார்கள். பார்த்தவர் வாய் பிளந்தார்கள். அது புதிய பெட்டியில் ஓடிய விளையாட்டன்று, முன்கூட்டியே செய்து வைத்த படம் என்பது பிறகு தெரிந்தது. ஆகவே அந்த ஒளிநாடா அந்த விளையாட்டுக்குச் சான்று அல்ல. எதை நாம் நம்ப வேண்டும் என்று அவர்கள் விரும்பினார்களோ, அதற்குச் சான்று. பத்தாம் வயதில் சினிமா நோட்டீசைப் பார்த்து, கதாநாயகன் உண்மையாகவே புலியோடு சண்டை போடுவான் என்று நம்பிப் போன எனக்கு இந்த வேறுபாட்டை யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை!

இவற்றைக் காப்பவர்கள் யார்? பெரும்பாலும் முதற் காவலர்கள் அந்தக் காலத்துப் பத்திரிகையாளர்கள்தாம். வேண்டுமென்று காத்தார்கள் என்று சொல்ல முடியாது. வீட்டின் பின்கட்டில் போட்ட பெட்டியைத் திறக்க நேரமில்லாமல் விட்டுவிட்டார்கள். அப்படிக் கிடந்த பெட்டிகள் இப்போது அமைப்புகளுக்கு வந்து சேர்கின்றன. நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டர் நகரில் 'ஸ்ட்ராங்' என்ற விளையாட்டு அருங்காட்சியகம் உண்டு. விளையாட்டுப் பெட்டிகளோடு நிறுவனங்களின் ஆவணங்களையும் அது காக்கிறது. கலிபோர்னியாவில் பிராங்க் சிபால்டி என்பவர் 2017-இல் நிறுவிய வீடியோ விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை, பழைய விளையாட்டு இதழ்களையும் விளம்பரப் பொருள்களையும் படியெடுத்து, 2025 ஜனவரியில் எவரும் வீட்டிலிருந்தே தேடிப் படிக்கும் நூலகமாகத் திறந்தது. இந்த அறக்கட்டளை மற்றோர் அமைப்போடு சேர்ந்து 2023-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காட்டை இன்று கடையில் வாங்க முடியாது என்று அது கூறுகிறது. விளையாட்டே கைக்கு எட்டாதபோது, அது எப்படி இருந்தது என்று கேட்பவருக்குக் காட்ட எஞ்சுவது பெரும்பாலும் இந்தத் தாள்களே.

"இப்போதுதான் எல்லாம் கணினியில் இருக்கிறதே, இனி எதுவும் தொலையாது" என்று என் மாணவர்கள் சொல்வதுண்டு. நான் மாறாக எண்ணுகிறேன். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் நிறுவனங்கள் உறையையும் குறுந்தட்டையும் படிப்படியாகக் கைவிட்டு, கடவுச்சொல் கொடுத்து இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லின. வேலை முடிந்ததும் அந்தப் பக்கங்களை மூடிவிட்டால் தீர்ந்தது. பின்கட்டில் கிடக்க ஒரு பெட்டிகூட இராது. இ-3 கண்காட்சியே 2021-இல் முழுவதும் இணையவழி நடந்தது. 2023 டிசம்பரில் இனி அது நடக்காது என்று அறிவித்து மூடிவிட்டார்கள். 'கேம் இன்பார்மர்' என்ற புகழ் பெற்ற அமெரிக்க இதழ் 2024 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டபோது, பல்லாண்டுக் கட்டுரைகள் இருந்த அதன் இணையத்தளமும் அன்றே இல்லாமற்போனது. 2025 மார்ச்சில் இதழ் புது உரிமையாளரிடம் மீண்டும் உயிர் பெற்றதால் தளமும் திரும்பியது. அது நற்பேறு. அச்சிட்ட இதழோ அந்த ஏழு மாதமும் வாங்கியவர் வீட்டு அலமாரியில் அசையாமல் இருந்தது. 1995-இன் கண்காட்சியை அறிவதைவிட 2012-இன் கண்காட்சியை அறிவது வருங்காலத்தாருக்குக் கடினமாகலாம் என்று நான் நினைப்பது இதனால்தான்.

சரி, காப்பது எப்படி? இது விளையாட்டு நோட்டீசுக்கு மட்டுமன்றி நம் வீட்டுத் திருமண அழைப்பிதழுக்கும் பொருந்தும் என்பதால் சற்று நின்று சொல்கிறேன்.

முதல் எதிரி ஈரம். நம்மைப் போன்ற வெப்ப நாட்டில் அதைச் சொல்லவே வேண்டாம். பளபளப்புத் தாளில் பூச்சு ஒன்று இருக்கிறது. அது நனைந்து காய்ந்தால் தாளும் தாளும் ஒட்டிக்கொண்டு செங்கல்லாகிவிடும். பிறகு பிரித்தால் எழுத்து உரிந்து வரும். ஈரத்தில் பூஞ்சணம் பூக்கும், இராமபாணப் பூச்சி வரும், தாளைக் கோத்த கம்பி துருப்பிடித்துச் சுற்றிலும் காவியாக ஊறும். ஆகவே கம்பியையும் ரப்பர் வளையத்தையும் முதலில் எடுத்துவிட வேண்டும். காந்த ஒளிநாடாவின் பசைப்பூச்சு ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போகும். அதை அப்படியே கருவியில் போட்டால் நாடாவும் கெடும், கருவியும் கெடும். நாடா நன்றாக இருந்தாலும் அதை ஓட்டும் கருவியைத் தேடி அலைய வேண்டும். வீட்டில் பதிவு செய்யும் வகைக் குறுந்தட்டில் செய்தியைத் தாங்குவது ஒரு சாயம். வெளிச்சத்தில் கிடந்தால் அதுவும் வெளிறும். ஆகையால் நாடாவையும் தட்டையும் முதலில் படியெடுத்துவிட்டு, தாளுக்குப் பிறகு வரலாம். தாள் பொறுமையானது.

தாளைப் படியெடுக்கையில் ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற நுட்பத்தில் எடுப்பது நல்லது. அச்சுப் படம் என்பது நுண்புள்ளிகளின் கூட்டம். குறைந்த நுட்பத்தில் எடுத்தால் அந்தப் புள்ளிகள் பட்டுப்புடவையின் அலை போலக் கோலமிட்டுக் கண்ணை உறுத்தும். முதற்படியில் மடிப்பையோ கறையையோ அழகுபடுத்தி அழிக்கக் கூடாது. முன்புறம் எடுத்தால் பின்புறமும் எடுக்க வேண்டும், வெற்றாக இருந்தாலும். உறையையும் எடுக்க வேண்டும். ஓர் உறைக்குள் வந்தவை ஓர் உறைக்குள்ளேயே இருக்க வேண்டும். "படங்கள் எல்லாம் ஒரு பக்கம், கடிதங்கள் எல்லாம் ஒரு பக்கம்" என்று வகுப்பறை ஒழுங்கை அங்கே புகுத்தினால், எது எதோடு வந்தது என்ற செய்தி செத்துவிடும். ஒரு கடைக்காரர் விற்பனைத் தாளின் ஓரத்தில் பென்சிலால் '12' என்று எழுதி அடித்து '4' என்று திருத்தியிருக்கலாம். அச்சிட்டவர் ஆசை அச்சில் இருக்கிறது. வாங்குபவர் மனம் அந்த ஓரத்தில் இருக்கிறது.

பிறகு பட்டியல். எந்தக் கண்காட்சி, எந்த ஆண்டு, எந்த ஊர், யார் கொடுத்தது, யார் கைவழியே நம்மிடம் வந்தது என்று குறித்தாக வேண்டும். விளம்பரத் தாளில் ஆண்டு அச்சிடும் வழக்கம் அரிது. 'இந்த இலையுதிர் காலத்தில் வருகிறது' என்று மட்டும் இருக்கும். எந்த ஆண்டு இலையுதிர் காலம்? ஆண்டு முழுவதும் மழையும் வெயிலுமான நமக்கு அது எந்த மாதம் என்பதே உடனே விளங்காது. கொடுத்தவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும். பழைய கண்காட்சிக் கையேடுகளில் தனியாரின் தொலைபேசி எண்களும் உண்டு. அவற்றை ஊரறிய வெளியிடுமுன் யோசிப்பதும் பட்டியலிடுபவர் பொறுப்பு.

காப்பகத்தார் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்வது ஒன்றுண்டு: தாளை லேமினேட் செய்யாதீர்கள். பசைநாடாவும் ஒட்டாதீர்கள். ஆசிரியர்களாகிய நமக்கோ லேமினேட் இயந்திரத்தைக் கண்டால் கை சும்மா இருப்பதில்லை. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியின் பழைய அலமாரியை ஒழித்தபோது, 1958-இல் பள்ளிக் கட்டட நிதிக்காகத் தோட்டத்தார் போட்ட நாடகத்தின் நோட்டீசு ஒன்று கிடைத்தது. பின்புறத்தில் பென்சிலால் நிதி கொடுத்தவர் பெயர்கள். ஒருவர் ஒரு வெள்ளி, ஒருவர் அரை வெள்ளி, ஒருவர் நாலு படி அரிசி. பாதுகாக்கிறேன் என்ற நினைப்பில் அன்று மாலையே அதை இயந்திரத்துக்குள் விட்டேன். கீழ் மூலை மடிந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. மடிந்தபடியே சூட்டில் ஒட்டிக்கொண்டது. அந்த மடிப்புக்குள் இரண்டு மூன்று பெயர்கள் இருக்கின்றன. வெளிச்சத்தில் பிடித்தால் முதல் எழுத்து 'மு' போலத் தெரிகிறது. அதற்கு மேல் படிக்க வரவில்லை.

இப்போது அதை இருபுறமும் படியெடுத்து, எங்கே கிடைத்தது, எவர் கண்டெடுத்தது, மூலையில் என்ன தவறு நேர்ந்தது, எவரால் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி உடன் வைத்திருக்கிறேன். அந்த நாடகத்தில் சிறுமியாக நடித்த பாட்டி ஒருவர் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறார். வரும் பள்ளி விடுமுறையில் படியை எடுத்துக்கொண்டு போய், 'மு'வில் தொடங்கும் பெயர் யாருடையது என்று கேட்க வேண்டும்.